கூரை போன ஹெரால்டு

விழுப்புரத்தில் ஒரு மோட்டார் சாமான் கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற காலத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. கார் ஜோசியர். இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற கார்களில் எது பிற்காலத்தில் பொக்கிஷமாகும், எது காயலான் கடைக்குப் போகும் என்று பலன் சொல்வேன். எண்பதுகளின் தொடக்கம் அது. புதுக் கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் கார் இல்லாதவர்கள்தான் காரைப் பற்றி அதிகம் பேசினார்கள். எனக்கு ஓட்டக்கூடத் தெரியாது.

என் ஞானமெல்லாம் மெட்ராஸிலிருந்து சாமான் சுற்றி வரும் பழைய ஆங்கில மோட்டார் பத்திரிகைகளிலிருந்து வந்தது. கிரீஸ் கறையைத் துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பாதிப் பக்கம் கிழிந்திருக்கும். மீதியை நானே நிரப்பிக்கொள்வேன். அம்பாசிடர் தெருவுக்குத் தெரு நிற்கிறது, அதை யார் போற்றி வைத்துக்கொள்ளப் போகிறார்கள்? புதிதாக வந்திருக்கும் சின்ன வெள்ளைக் கார் சீக்கிரமே வீட்டுக்கு வீடு வந்துவிடும், அதற்கும் மவுசு இருக்காது. ஊரே கேலி செய்கிற வண்டி எதுவோ, ஆளாளுக்கு உடைத்து எடைக்குப் போடுகிற வண்டி எதுவோ, அதுதான் கடைசியில் கிடைக்காமல் போகும், அதைத்தான் தேடுவார்கள். ரெண்டு கதவு ஹெரால்டு என்று அடித்துச் சொல்வேன்.

அக்கா வீட்டுக்காரர் அப்படி ஒன்று வைத்திருந்தார். மாமாவுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை மொத்த வியாபாரம். மூட்டைத் தூசியில் நாள் முழுக்கக் கிடக்கும் மனிதர், அந்த இளநீலக் காரில் மட்டும் ஒரு தூசி உட்கார விடமாட்டார். அக்காவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பின்னால் ஏற வேண்டுமென்றால் முன்சீட்டை மடக்க வேண்டும், பிள்ளைகளைத் தூக்கிப் போட வேண்டும்.

"பேஜாரு புடிச்ச வண்டி. இத வித்துட்டு ஒரு அம்பாசிடர் வாங்கலாம்ல?" என்பாள்.

ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டாக்டர் அதை விலைக்குக் கேட்டு ரெண்டு தடவை ஆள் அனுப்பினார். அக்கா விற்றுவிடச் சொன்னாள். மாமா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மச்சான், நீ இன்னா சொல்ற?"

"குடுக்காதீங்க மாமா. ரெண்டு மூணு தலைமொறைக்கு இதுக்கு இருக்கிற மதிப்பு வேற எதுக்கும் வராது. வெளிநாட்டுல இதே வண்டி கூரை இல்லாம ஓப்பனா ஓடுது. அதுக்குத்தான் மவுசு சாஸ்தி."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பத்திரிகையில் படம் பார்த்திருந்தேன், கொஞ்சம் மேதாவித்தனம் காட்ட ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். மாமா ஆளைத் திருப்பி அனுப்பினார். அக்கா என்னோடு சில மாதம் சரியாகப் பேசவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் கூடியது. பெண்ணும் திண்டிவனம், மண்டபமும் திண்டிவனம். எங்கள் பக்கத்தில் அப்போது மாப்பிள்ளை அழைப்பென்றால் ஓப்பன் கார் வேண்டும். பிள்ளையார் கோயிலில் மாலை போட்டு, மேளம் முன்னே போக, இருபுறமும் பெட்ரோமாக்ஸ் வர, கூரையில்லாத காரில் மாப்பிள்ளை ஊர் பார்க்க உட்கார்ந்து மண்டபத்துக்குப் போக வேண்டும். கார் பெண் வீட்டார் பொறுப்பு. அவர்கள் விழுப்புரத்தில் ஒரு பழைய கப்பல் காரைப் பேசியிருந்தார்கள். அது அன்று காலையில் கூட்டேரிப்பட்டு வரைக்கும் வந்து அச்சு முறிந்து உட்கார்ந்துவிட்டது. நல்ல முகூர்த்த நாள். மயிலம் கோயிலில் மட்டும் எத்தனை கல்யாணமோ. வேறு ஓப்பன் கார் எங்கும் இல்லை.

மாமனார் கையைப் பிசைந்துகொண்டு வந்து, ஓர் அம்பாசிடரைப் பூவால் மூடிக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கண்ணாடிய ஏத்திக்கினு படுக்க வச்சி இட்டுக்கினு போறதுக்கு எம்புள்ள இன்னா ஆஸ்பத்திரிக்கா போறான்? ஓப்பன் காரு வரட்டும். அப்பறம் கெளம்பலாம்."

நான் வாயைத் திறந்து, எனக்கு அம்பாசிடரே போதும் என்றிருக்கலாம். சொல்லவில்லை. உண்மை என்னவென்றால் எனக்கும் ஓப்பன் கார் வேண்டித்தான் இருந்தது. வாழ்நாளெல்லாம் காரைப் பற்றிப் பேசியவன், ஒரு நாளாவது ஊர் பார்க்கப் போக வேண்டாமா? மாமனார் முகம் செத்துப்போய் நின்றார். மாமா சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பொழுது சாயும்போது கோயில் வாசலில் என்னை ஏற்றுவதற்கு அவருடைய ஹெரால்டு வந்து நின்றது. கூரை இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பட்டறையில் கேஸ் வைத்து அறுத்திருந்தார்கள். அறுத்த இடமெல்லாம் தெரியாதபடி மல்லிகையும் சாமந்தியும் வைத்துக் கட்டியிருந்தது.

"இன்னா மாமா இது?"

"நீதான சொன்ன, ஓப்பனா இருந்தா மவுசு சாஸ்தின்னு? ஜல்தி ஏறு மச்சான், நேரமாவுது."

முகம் முழுக்கச் சிரிப்பு. என் மானத்தையும் காப்பாற்றினோம், காரின் மதிப்பையும் கூட்டினோம் என்று நம்பிச் சிரித்த சிரிப்பு. பத்திரிகைப் படத்தில் இருந்தது கம்பெனியே துணிக்கூரை வைத்துச் செய்தது, அறுத்ததற்கு யாரும் மதிப்புத் தர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? ஏறி உட்கார்ந்தேன். வீதியெல்லாம் ஜனங்கள் பார்த்தார்கள். மாலைக்கடியில் என் முதுகு அறுபட்ட கம்பியில் உரசிக்கொண்டே வந்தது. சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதுதான் இன்னும் குத்துகிறது.

மழைக்காலம் வந்ததும் அது காராக இல்லாமல் போயிற்று. தார்ப்பாய் போட்டு மூடினார். தார்ப்பாய் கிழிந்து சீட் ஊறி நாற ஆரம்பித்தது. முன்கண்ணாடி ஆட்டம் கண்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நனைந்துகொண்டே நடந்து போனார்கள். அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாமா மட்டும் மாறவில்லை. ஞாயிறுதோறும் துணி நனைத்துத் துடைத்தார். யாராவது கேலி செய்தால், "எங்க மச்சான் சொல்லிக்கிறான், இருந்து பாரு" என்பார். நான் பலன் சொல்வதை நிறுத்திவிட்டேன். கடையில் யாராவது கேட்டால் எரிந்து விழுவேன்.

எண்பதுகள் முடியும் தறுவாயில், மெட்ராஸில் சிலர் பழைய கார்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் பலன் பலித்துக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் ஹெரால்டு சாமான் தேடி எங்கள் கடைக்கே வந்தார். ரெண்டு கதவு வண்டி ஒன்று திண்டிவனத்தில் இருக்கிறது என்றேன். கூரையைப் பற்றிச் சொல்லவில்லை. நேரில் பார்த்தால் மனது இளகி வாங்கிக்கொள்ள மாட்டாரா என்று ஒரு நப்பாசை. அவர் காரிலேயே அவரை அழைத்துக்கொண்டு போனேன்.

மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். தார்ப்பாயை அவரே கல்யாணப் பெண்ணின் முக்காட்டை விலக்குவது போல மெதுவாக எடுத்தார். வந்தவர் முதலில் கதவைத் தடவி, உள்ளே மீட்டர் முள்ளையும் டயலையும் பார்த்து முகம் மலர்ந்தார். பிறகு அறுத்த விளிம்பில் விரலை ஓட்டினார்.

"இதை எந்த முட்டாள் வெட்டினான்? இந்த மாடல்ல கூரை தனியா போல்ட் போட்டு மாட்டினதுங்க. கழட்டியிருந்தா முழுசா வந்திருக்கும். திரும்ப மாட்டியிருக்கலாம்."

காபி கொண்டுவந்த அக்கா என்னைப் பார்த்தாள். அந்தக் கூரைக்கும் பாடிக்கும் நடுவில் போகிற ரப்பர் பட்டையை எங்கள் கடையில் நானே எத்தனையோ பேருக்கு அளந்து வெட்டிக் கொடுத்திருக்கிறேன். கூரைக்கு எதற்கு ரப்பர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மாமா தொண்டையைச் செருமினார்.

"நான் வாங்கறப்பவே இப்படித்தாங்க இருந்திச்சி."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அவருக்குக் காபி ஆறுது, குடு" என்றார் மாமா.

வந்தவர் கதவையும் டயலையும் மட்டும் கழற்றித் தர முடியுமா என்று கேட்டார். மாமா முடியாது என்று கும்பிட்டு அனுப்பிவிட்டு, என்னை பஸ் ஏற்ற வந்தார். வழியெல்லாம் மண்டியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார். விழுப்புரம் பஸ் வந்து நின்றபோதுதான் என் பக்கம் திரும்பினார்.

"போல்ட்டு இருக்கிற விஷயம் உனக்குத் தெரியாதுல்ல மச்சான்?"

"தெரியாது மாமா."

"அதான பாத்தேன். தெரிஞ்சிருந்தா உடுவியா நீ?" என்று சொல்லி, என் டிக்கெட்டுக்குக் கண்டக்டரிடம் காசை நீட்டினார்.