இஷ்டப்பிரசாதம் கேட்டவர்கள்

என் தாய்மாமா செஞ்சி மாதா கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தார். எங்கள் கத்தோலிக்க வேதத்தின் நீளமான வார்த்தைகள் எதற்கும் அவர் நாக்கு தடுக்காது. உப்பு வேண்டுமென்றால்கூட இந்த மனுஷன் நேராகக் கேட்கமாட்டார் என்று அத்தை சலித்துக்கொள்வாள்.

சண்டைக்காலம் அது. அரிசிக்கு ரேஷன் வந்திருந்தது. அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டம் எங்கள் தெரு வழியாகத்தான் நடந்து போகும். ஒரு அமாவாசையன்று அவர்களுக்குப் பிரசங்கம் செய்வதென்று மாமா முடிவுசெய்து, மாதா கோயிலுக்கு எதிரே பூவரச மரத்தடியில் போய் நின்றார். மணியடிக்கிற வேலை எனக்கு. எனக்கு எட்டு வயதிருக்கும்.

மணிச் சத்தத்துக்குச் சிலர் உட்கார்ந்தார்கள். சர்வேசுரனில் தொடங்கிய மாமா, மெல்ல மெல்லத் தேவ இஷ்டப்பிரசாதத்துக்கு, அதாவது கடவுளின் அருளுக்கு, வந்து சேர்ந்தார். அது இலவசம் என்றார். சாதி பார்க்காமல் எல்லாருக்கும் உண்டு என்றார். கூட்டம் பெருத்தது. தாண்டிப் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். மாமாவின் குரலும் ஏறிக்கொண்டே போனது.

இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் என் தோளைத் தொட்டு, பிரசாதம் எப்போது தருவார்கள் என்று கேட்டாள். நான் ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ ஊழியத்தில் யாரும் தாமாக வந்து அவரிடம் அதைக் கேட்டதில்லை.

"கேக்கறவங்களுக்கு இல்லன்னு சொல்றதே கிடையாது. உக்காரச் சொல்லு" என்றார்.

ஆனால் அதற்கு உத்தம மனஸ்தாபம் வேண்டும் என்று கூட்டத்துக்கு அறிவித்தார். செய்த பாவத்துக்காக மனம் வருந்துவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வழியோடு போகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு முன்னால் வந்தாள்.

"எனக்கும் எங்க ஓரகத்திக்கும் மனஸ்தாபம் இருக்குதுங்க. நாத்தனா கல்யாணத்துல வந்தது, இன்னும் பேச்சுவார்த்த இல்ல. அது போதுங்களா?"

மாமா அவளைப் பார்த்தார். பிறகுதான் எல்லாருடைய கைகளையும் பார்த்தார். பூவரச இலைகளைப் பறித்து, முந்தானையில் துடைத்து, ஆளுக்கொன்றாக ஏந்தியிருந்தார்கள். குழந்தை தன் இலையின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தது.

மாமா விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். மறுநாள் மாதா கோயில் பூசைக்கு வருகிற சுவாமியாருக்காக அத்தை கொஞ்சம் பச்சரிசி ஒளித்து வைத்திருந்தாள்.

"பசியா இருக்குறாங்க. சோறு ஆக்கு" என்றார் மாமா.

நாளைக்குச் சுவாமியாருக்கு என்ன போடுவது என்று அத்தை கேட்டாள். அவர் முகத்தைப் பார்த்தவள், முணுமுணுத்துக்கொண்டே அடுப்பை மூட்டிப் புளிச்சோறு கிளறினாள். ஆளுக்கு ஒரு பிடிதான் வந்தது. மாமாவே இலை இலையாக வைத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் இலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இது எந்தச் சாமி பிரசாதம் என்று கேட்டாள். மாமா வாயைத் திறந்தார். என்னென்னவோ வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"கொழந்தைக்கு மொதல்ல குடும்மா" என்றார்.

அவ்வளவு பெரிய பிரசங்கத்துக்கு இவ்வளவு சின்ன முடிவா என்று எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

மறுநாள் சுவாமியார் கேழ்வரகுக் களிதான் சாப்பிட்டார். இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாக அத்தை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் மாமா என்னை எழுப்பி, இஷ்டப்பிரசாதம் என்றால் என்ன என்று கேட்டார். மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். வழக்கமாகச் சபாஷ் சொல்கிறவர் அன்று என் பக்கமாகக் குனிந்தார்.

"சரி கண்ணு. அப்படின்னா இன்னா?"

நான் அதையே உரக்க ஒப்பித்தேன். திரும்பவும் கேட்டார். தெருமுனை வரைக்கும் கேட்கும்படி கத்தினேன். மாமா சிரித்துவிட்டு, என் தலையைத் தடவி உட்காரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் சொன்னேன், பாவம், மாமாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று.