உள்ளே கழுதை, வெளியே ராமிஹ்

இர்பித் நகரத்து டாக்சியில் ஏறி, போனில் யாரிடமாவது "நான் உம்மு கைஸ் பேசறேன்" என்று அவள் சொல்லிவிடக் கூடாது. டிரைவர் உடனே கண்ணாடியில் பார்த்து, "இடிபாடு பாக்கவாம்மா?" என்பான். பக்கத்தில் அதே பெயரில் தூணும் கல்லுமாக ஒரு பாழடைந்த ஊர் இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள். இவளோ கைஸ் என்று ஒரு பிள்ளையைப் பெற்ற பாவத்துக்கு உம்மு கைஸ், அதாவது கைஸின் அம்மா. "ஆமாப்பா, இடிபாடுதான். பின்னாடி உட்கார்ந்திருக்கு, சும்மாவே பாத்துக்க" என்பாள்.

கல்யாணங்களில் பெண்கள் பக்கத்து வீடியோ அவள் கையில்தான். பெண்கள் மட்டும் கூடுகிற அந்தக் கூடத்து வாசலிலேயே எல்லோருடைய போனையும் பிடுங்கிப் பையில் போட்டுவிடுவார்கள். முக்காட்டைக் கழற்றிவிட்டு மாமியார்களே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடுகிற இடம் அது. ஒருத்தி ஆட்டம் போனில் ஏறினால் ஊரே நாறிவிடாதா? அதனால்தான் உலகம் மறந்துபோன டிவிடி இங்கே இன்னும் ராஜபோகமாக இருக்கிறது. ஒரே வட்டு, அலமாரியில் பூட்டு, சாவி வீட்டு அம்மாவிடம்.

அந்த வட்டைச் செய்ய அவளிடம் இருந்தது ஒரே ஒரு மென்பொருள். அதைப் பெற்ற கம்பெனி எப்போதோ கைகழுவிவிட்டது. திறக்கும்போதெல்லாம் புதிய பதிப்பு வந்திருக்கிறதா பார்க்கட்டுமா என்று கேட்கும். பார்க்கும், ஒன்றும் கிடைக்காமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பும். "உங்கப்பன் கடையச் சாத்திட்டு ஓடிட்டான், பேசாம வேலையப் பாரு" என்பாள் இவள். அதிலிருக்கும் முகப்புப் படங்களில் பாதி பனிமனிதன். ஆகஸ்ட் வெயிலில் கல்யாணம் செய்தவர்கள் வீட்டு டிவியிலும் பனி கொட்டியிருக்கிறது.

அதற்கு ஒரு கோளாறு, அரபி வராது. வலமிருந்து எழுதவேண்டிய பெயரை இடமிருந்து திருப்பிப் போட்டுவிடும். எல்லாப் பெயரும் விகடகவியாக இருக்குமா என்ன? அதனால் உம்மு கைஸ் பெயரைப் பின்னாலிருந்து தட்டுவாள். அது தன் புத்தியைக் காட்டித் திருப்பும், வட்டில் நேராக வந்து நிற்கும். தட்டுகிற பெட்டியில் கோணலாக இருந்தால்தான் அவளுக்கு மனசு நிம்மதி.

இந்த வருஷம் ராமிஹ் என்கிற பையனுக்குக் கல்யாணம் நடந்தது, வீடியோ உம்மு கைஸ்தான். ராமிஹின் அம்மா வாய்க்குப் பயந்து அந்தத் தெருவில் காய்காரன் விலையைக் குறைத்தே ஆரம்பிப்பான். ஆனால் அவள் மகள் ஷதா தங்கம். கைஸின் மருந்துக்கடையில் ஷதா ஒருநாள் தலைவலி மாத்திரை வாங்கிப் போனதிலிருந்து தலைவலி கைஸுக்கு. பிள்ளை சோறு இறங்காமல் இளைப்பதைப் பார்த்துப் பார்த்து உம்மு கைஸுக்கும் வயிறு எரிந்தது. எப்படியாவது பெண் கேட்டுவிட வேண்டும்.

கேட்பதற்கு இங்கே வாய் வேண்டாம். பெண் வீட்டில் கொடுக்கிற காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால் போதும். சம்மதம் என்றால் "குடி" என்பார்கள். வட்டைப் போட்டுப் பார்த்து எல்லோரும் ஆகா ஓகோ என்கிற நேரத்தில் கோப்பையை வைத்துவிடுவது என்று திட்டம்.

அந்த வாரம் பார்த்துப் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கைஸ் எங்கெங்கோ தேடி, அதே மென்பொருளின் கடைசிப் பதிப்பைத் தன் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தான். அந்தக் கடைசிப் பதிப்பில் அரபியைச் சரிசெய்துவிட்டுத்தான் கம்பெனிக்காரன் ஓடியிருக்கிறான். அது இவளுக்கு எப்படித் தெரியும்?

ராமிஹ் என்பது அரபியில் நாலே எழுத்து. பின்னாலிருந்து படித்தால் ஹிமார், கழுதை! உம்மு கைஸ் வழக்கம்போலப் பின்னாலிருந்து தட்டினாள். பெட்டியில் கழுதை வந்து நின்றது. 'உள்ளே கழுதைன்னா வெளியே ராமிஹ்' என்று சந்தோஷமாக வட்டில் ஏற்றிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ராமிஹ் வீட்டில் பெண்கள் கூட்டம். டிவியில் திரை விலகியது, புறாக்கள் பறந்தன, தங்க எழுத்தில் 'கழுதை' என்று வந்தது. அடுத்து ஒரு இதயம். அதற்கடுத்து மணப்பெண் லீன் பெயர். அதுவும் திரும்பி, நைல் நதியாகிக் கிடந்தது.

"கழுதைக்கு நைல்ல தண்ணி காட்டப் போறாங்களாடி?" என்றாள் ராமிஹின் அத்தை.

லீன் மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

உம்மு கைஸ் ஓடிப்போய் டிவியை மறைத்துக்கொண்டு நின்றாள். "ஐயோ அக்கா, எப்பவும் உள்ள கழுதைன்னா வெளியே..."

"என் பிள்ள உள்ளயும் கழுதை, வெளியயும் கழுதைங்கறியா?" என்றாள் ராமிஹின் அம்மா.

கூடமே வெடித்துச் சிரித்தது. ராமிஹின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஷதா காப்பித் தட்டோடு வந்தாள். போச்சு, எல்லாம் போச்சு. வீட்டுக்குப் போய்ப் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது? கேட்க வந்ததே வெளியில் தெரியாமல் காப்பியைக் குடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"கீழ வை" என்றாள் ராமிஹின் அம்மா.

உம்மு கைஸ் கோப்பையை உதட்டிலிருந்து எடுத்தாள், கீழே வைக்கவில்லை.

"கோப்பையக் கீழ வைன்னேன். எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கல்யாணத்தன்னிக்குப் பொண்ண விட்டுட்டு என் மகளையே சுத்திச் சுத்தி எடுத்துச்சே உன் கேமரா!"

கோப்பை தட்டில் உட்கார்ந்தது. உம்மு கைஸுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"இரு, இன்னும் குடின்னு சொல்லல. வீட்டுக்கு ஒரு கழுதை போதும். உன் பையன் பேரத் திருப்பிப் போட்டா என்ன வருது, மொதல்ல அதச் சொல்லு."

பெண்கள் விரலால் காற்றில் எழுதிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி முதல் எழுத்தைக்கூட முடித்திருக்கமாட்டாள்.

"ஸீக்" என்றாள் ஷதா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பெட்ரா என்கிற பழைய கல் நகரத்துக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிற பாறை இடுக்குக்கு அதுதான் பெயர். ஆனால் யாரும் பெட்ராவைப் பற்றி நினைக்கவில்லை. எல்லோரும் ஷதாவைத்தான் பார்த்தார்கள். அவள் காது நுனிவரை சிவந்திருந்தது.

ராமிஹின் அம்மாவும் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"அம்மா இடிபாடு, பிள்ள பாறை இடுக்கு. என் மக காலம்பூரா டிக்கெட் கிழிச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்று சொல்லிக்கொண்டே கோப்பையை உம்மு கைஸ் பக்கம் நகர்த்தினாள். "குடி. ஆறிப்போகுது."