புது சீட் கவர்

என் அண்ணனுக்கு எங்கள் தெருவில் ஆமை என்று பெயர். வைத்தது என் வீட்டுக்காரர்தான். டைல்ஸ் கடை முதலாளி ஆயிற்றே, அவர் ஒன்று சொன்னால் கடை ஆட்கள் சிரிக்காமல் இருக்க முடியுமா? கடையிலிருந்து பெயர் தெருவுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

அண்ணன் முன்பு ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டினான். கம்பெனியை மூடியதும் என் வீட்டுக்காரர் பெரிய மனசு பண்ணித் தன் காருக்கு டிரைவராக வைத்துக்கொண்டார். வீட்டுக்குள் 'மச்சான்' என்பார். கடைக்கு நாலு பேர் வந்துவிட்டால் 'டிரைவர்' ஆகிவிடும். அண்ணன் இரண்டுக்கும் ஒரே மாதிரி திரும்பிப் பார்ப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவன் ரோட்டில் யாரையும் நம்ப மாட்டான். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவில் இன்னொரு வண்டி நுழைகிற அளவுக்கு இடம் விடுவான். எவனாவது நுழைந்துவிட்டால் திட்டுவதில்லை, வேகத்தைக் குறைத்து மறுபடியும் அதே இடத்தை விடுவான். நிற்கிற பஸ்ஸைத் தாண்டும்போது கால் பிரேக் மேலேயே இருக்கும். பஸ்ஸுக்கு முன்னாலிருந்து யாராவது ஓடி வருவார்கள் என்பான். பச்சை விளக்கு விழுந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவான். பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும்.

"மச்சான், நடந்தே போயிருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்பார் இவர்.

"சேர்ந்திருக்கலாம் மாப்பிள்ளை. ஆனா நடக்கிறவனையும் எவனாவது வந்து இடிப்பான்" என்பான் அவன்.

அத்தனை வருஷத்தில் அவன் கையில் வண்டிக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. அதற்காக அவனை யாரும் மெச்சியதும் இல்லை. நடக்காத விபத்தை யார் பார்த்தார்கள்? லேட்டாகப் போனதை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட்டால்தான் வண்டியைக் கிளப்புவான். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் இதே கதைதான். "பக்கத்துலதானே போறோம்" என்று யாராவது இழுத்தால், "எதிர்ல வர்றவனுக்கு அது தெரியாதே" என்று சாவியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அப்போதுதான் இவர் வெண்ணெய் நிறத்தில் சீட் கவர் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். பின் சீட்டில் பெல்ட்டை மாட்டுகிற லாக் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று தைத்தவன் எல்லாவற்றையும் உள்ளே அமுக்கி, மேலே கவரை இழுத்துத் தைத்துவிட்டான். பெல்ட் தொங்கும், மாட்ட இடம் இருக்காது. இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "சோபா மாதிரி இருக்கு பாரு!"

லாக்கை வெளியே எடுத்துவிடலாம் என்று அண்ணன் கேட்டுக் கேட்டுப் பார்த்தான். "அப்புறம் பார்க்கலாம்" என்பதைத் தவிர பதில் வரவில்லை. ஒரு நாள் காலையில் பிளேடால் கவரைக் கீறி லாக்குகளை வெளியே எடுத்துவிட்டான். பிசிறு தெரியாமல் இருக்க ஓரத்தை ஊசி நூலால் மடித்தும் தைத்திருந்தான்.

கடை வாசலில், அத்தனை ஆட்கள் முன்னால், இவர் குதித்தார்.

"என் வண்டியில பிளேடு போட நீ யாருய்யா? ஓட்டச் சொன்னா ஓட்டிட்டுப் போ!"

அண்ணன் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அன்று ராத்திரி நான் சண்டை போட்டேன். அண்ணனுக்கு வக்காலத்து வாங்காதே என்று என் வாயை அடைத்தார். கவர் மறுபடி தைக்கப்பட்டு வந்தது. கடையில் லோடு வண்டி ஓட்டுகிறவன் காருக்கு வந்தான். பறக்கிறவன். "இவன் டிரைவர்!" என்று இவர் தொடையைத் தட்டிக்கொண்டார்.

அண்ணன் ஒரு குடோனில் காவலுக்குப் போனான். ஓட்டத் தெரிந்தவன், நிற்கிற லாரிகளுக்குக் காவல் இருந்தான்.

எங்கள் கார் லாரியின் பின்னால் போய்ச் சொருகியது பட்டப்பகலில், எங்கள் கடைக்குப் பக்கத்திலேயே. லாரிக்காரன் பிரேக் போட்டான், எங்கள் பறக்கும் குதிரைக்கு இடம் போதவில்லை. முன்னால் இருந்த டிரைவரும் இவரும் பெல்ட் போட்டிருந்தார்கள், போடாவிட்டால் வண்டி கத்தும். இறங்கிச் சட்டையைத் தட்டிக்கொண்டார்கள். நான் பின் சீட்டிலிருந்து பறந்துபோய் முன் சீட்டில் மோதி விழுந்தேன். இடுப்பு போனது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இவர் நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்து முதலில் உச்சுக்கொட்டினார்கள். என்னை அப்புறம்தான் பார்த்தார்கள்.

இப்போது நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். அண்ணனை ஆமை என்றவர் தினமும் நான் கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டுதான் காபி குடிக்கிறார்.

போன வாரம் புது கார் வந்தது. இவரே அண்ணன் வீட்டுக்குப் போனார்.

"மச்சான், பழசை மனசுல வச்சுக்காதீங்க. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக நீங்கதான் வரணும்."

அண்ணன் வந்தான். வந்தவன் என்னிடம்கூடப் பேசாமல் பின்கதவைத் திறந்து, சீட்டு இடுக்கில் கையை விட்டுத் துழாவினான். வெண்ணெய் நிறம். புது கவர். அதே கடைக்காரன், அதே தையல்.

"இப்பதான் மச்சான் போட்டேன்" என்றார் இவர். "ஆஸ்பத்திரி பக்கத்துலதானே. நீங்க மெதுவாத்தானே ஓட்டுவீங்க."

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்தான். கொண்டுதான் வந்திருக்கிறான். ஆனால் கவரைத் தொடவில்லை. அவர் பக்கம் நீட்டினான்.

"உங்க வண்டி மாப்பிள்ளை. நீங்களே கிழிங்க. கிழிச்சா ஓட்டுறேன்."

இவர் பிளேடை வாங்கவில்லை. சீட்டைப் பார்த்தார். கையால் அதை ஒரு தடவை தடவிக்கூடக் கொடுத்தார். நான் ஸ்டாண்டைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தேன். ஒரு தடவை என் பக்கம் திரும்பியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"என்னை அந்தச் சீட்டுல உக்கார வைண்ணா" என்றேன்.

அண்ணன் என்னைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தான். நான் கையை நீட்டினேன். பிளேடைக் கொடுத்தான். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கவே, கவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கிழித்தேன்.