செல்லடிக்கும் எழும்பாத வீரன்

சண்டைக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் எனக்கொரு பெயர் இருந்தது: செல்லடிக்கும் அசையாத மனிசன். எங்கள் வீட்டுக்குக் கொங்கிறீற் கூரை. துறைமுகப் பக்கம் செல் விழுந்து வெடிக்கும் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்துச் சனம் பாயும் தலையணையுமாக எங்கள் ஹோலுக்கு வந்துவிடும். அவர்கள் கடவுளைக் கூப்பிட, நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். என் மனைவி மட்டும் விடியும்வரை என் தலைமாட்டில் குந்தியிருப்பாள். "இவவுக்கு வெடிச் சத்தமெண்டால் சரியான பயம்" என்று காலையில் எல்லாருக்கும் முன்னால் நக்கலடிப்பேன். அவள் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விடுவாள்.

வீரனுக்குப் பகலில்தான் சிக்கல். கந்தோரில் பேனையைப் பிடித்தபடி தூங்குவேன். ஒருநாள் கிண்ணியாவுக்குப் போகும் பாதைப் படகில் நின்றபடியே தூங்கிக் கடலுக்குள் விழப் பார்த்தேன். மீன்காரர் ஒருவர் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தார். அதோடு மனைவி என்னை டொக்டரிடம் இழுத்துப் போனாள்.

டொக்டர் ஒரு சின்னப் பெட்டியைத் தந்தார். மணிக்கூடு மாதிரிக் கையில் கட்ட வேண்டும். விரலில் ஒரு கவ்வி, மூக்கில் ஒரு குழாய். நித்திரையில் மூச்சு நிற்கிறதா என்று அது பதியுமாம். வயரும் பெட்டியுமாகச் சோதனைச்சாவடியில் மாட்டுப்படாமலிருக்க ஒரு துண்டும் எழுதித் தந்தார்.

"டொக்டர், நான் செல்லடிக்கே எழும்பாத ஆள்" என்றேன் பெருமையாக. அவர் சிரிக்கவில்லை.

கட்டிக்கொண்டு படுத்தேன். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். டொக்டர் கணினியில் கோடுகளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"மூச்சு நிக்கிது. ஆனா ஒவ்வொருமுறையும் உடனே திரும்பி வருது. ஆரும் எழுப்பினதோ?"

"ஓம், நான்தான். நிண்டா தோளிலை தட்டிவிடுவன்" என்றாள் மனைவி.

"தட்டினா எவ்வளவு நேரம் நிக்கிதெண்டு தெரியாது. இண்டைக்குத் திரும்பக் கட்டட்டும். நீங்கள் தொடக் கூடாது."

"இந்தப் பெட்டி இவரை எழுப்புமோ?"

"இல்லை. பதியும், அவ்வளவுதான்."

அவள் முகம் மாறியது. "செல் விழேக்கையும் நான் இவரின்ரை மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான், டொக்டர்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கதிரைக்குக் கீழே ஒளிய இடமிருந்தால் ஒளிந்திருப்பேன். கடைசியில், தொடமாட்டேன் என்று அவள் டொக்டருக்கு வாக்குக் கொடுத்தாள்.

அன்றிரவு வீரனுக்கு நித்திரையே வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சும்மா மூச்சை அடக்கிப் பார்த்தேன். இருட்டுக்குள் உடனே அவளுடைய கை வந்து என் தோளில் விழுந்தது.