தலை தீபாவளிக்கு வார்த்த குண்டு

எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கிய வருஷம்தான் அக்காவுக்குத் தலை தீபாவளி. வேர்க்கடலை பிடுங்குகிற பருவம். பன்றிகள் ராஜகிரி மலைப் பக்கத்துப் புதரிலிருந்து வந்து, ஏர் ஓட்டியதுபோல் கிளறிவிட்டுப் போயின. வீட்டில் யாராலும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நைனா பாதிச் சோற்றில் எழுந்து கொல்லைக்குப் போவார். அம்மா அதிரசத்தை எண்ணெயில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். நானும் காரணமில்லாமல் போய்ப் போய்த் திரும்புவேன்.

நைனாவிடம் லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழல் வாய் வழியாக முதலில் மருந்தைக் கொட்டி, பிறகு குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். குண்டை அவரே ஈயம் உருக்கி வார்ப்பார். ஈயத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துவார். தடம் விழுந்தால்தான் அது குழலுக்கு ஆகும். அந்த வருஷம் பார்த்து ஈயம் தீர்ந்துபோயிருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் செஞ்சியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். தேய்ந்துபோன ஈய எழுத்துகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து, தீபாவளிக்கு முந்தின நாள் தானே உருக்கினார். கல்யாணப் பத்திரிகை அடித்த எழுத்தெல்லாம் கரண்டியில் கரைந்தது. குண்டுகள் கோலி போல் பளபளத்தன. நைனா ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். தடமே விழவில்லை.

“கொஞ்சம் கெட்டியா இருக்குதே மாப்ள.”

“கெட்டியா இருந்தாதான மாமா பன்னித் தோல்ல எறங்கும்.”

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாள். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையிடம் தப்பு என்று சொல்வது எங்கள் பக்கத்தில் கிடையாது. பெரியப்பா வீட்டில் அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டதால், பெண் வெகு காலம் தாய்வீட்டிலேயே கிடந்தாள்.

மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டியோடு மாப்பிள்ளை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பம்புசெட்டுக்குப் போனார். பட்டாசுக்குப் பதில் ஒரு வெடி சுட்டுக் காட்டப் போகிறாராம். பக்கத்துக் கொல்லைக்காரர்களும் கூடிவிட்டார்கள். மருந்தைக் கொட்டினார். குண்டு பாதிக் குழல் வரை போய் நின்றுவிட்டது. மெத்தென்ற ஈயம் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், எழுத்து ஈயம் அப்படிச் சுருங்காது, குண்டு பருத்தே நிற்கும் என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு கேள்விப்பட்டது. அவர் கம்பியால் இடி இடியென்று இடித்தார். அது அசையவில்லை.

மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடம் விட்டுச் சுட்டால் குழல் வெடித்துச் சுடுகிறவன் முகத்திலேயே அடிக்கும் என்று நைனா பலமுறை சொல்லியிருந்தார். அதைக் கத்திச் சொல்ல நினைத்தேன். ஆனால் நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. இன்றைக்கும் அப்படித்தான்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நைனா மெதுவாகச் சொன்னார். சுட்டால் தானாகப் போய்விடும், பயப்படாதீர்கள் மாமா என்றார் அக்கா வீட்டுக்காரர். அக்கா பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, எப்படியாவது தடுத்துவிடு, மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று மேல்மலையனூர் அம்மனிடம் வேண்டினேன்.

முதல் வெடியை வீட்டுப் பெரியவன்தான் சுட வேண்டும் என்று நைனா கையை நீட்டினார். அதை அக்கா வீட்டுக்காரரால் மறுக்க முடியவில்லை. நைனா துப்பாக்கியோடு பம்புசெட்டுத் தொட்டியின் பாசி பிடித்த விளிம்பில் ஏறினார். அடுத்த நிமிஷம் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் துப்பாக்கியைத் தேடி எடுக்க அவருக்கு வெகு நேரம் ஆனது.

“இன்னா மாமா, மருந்து பூரா நனைஞ்சி பூட்டுதே” என்றார் அக்கா வீட்டுக்காரர், சிரிப்பை அடக்க முடியாமல்.

“மாப்ளைக்கு எண்ணெ தேச்சா மாமனாரு கங்கா ஸ்நானம் பண்றாருப்பா” என்றார் பக்கத்துக் கொல்லைக்காரர்.

நைனாவும் நடுங்கிக்கொண்டே சிரித்தார். துப்பாக்கி ரிப்பேருக்குப் போனது. அந்த வருஷ மல்லாட்டையில் பாதி பன்றிக்குப் போனது. அடுத்த அமாவாசைக்கு நான் மொட்டை போட்டுக்கொண்டேன்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் நைனாவிடம் என் வேண்டுதலைச் சொன்னேன். அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொண்டார்.

“ஆமா பாப்பா, அந்த அம்மாதான் என்னத் தள்ளி உட்டிருப்பா” என்றார்.

பிறகு கையை நீட்டினார். அவருடைய வாட்ச்சைக் கொடுத்தேன். தொட்டி மேல் ஏறுவதற்கு முன்னாலேயே அதைக் கழற்றி என்னிடம் தந்திருந்தார். எதற்குக் கழற்றினார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.