அக்காவின் வீட்டுக் கூரை

ஏரம்பு அத்தானைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கதை உலாவுகிறது. கட்டின மனைவியை எரிக்க ஒரு கொப்பு விறகு கொடுக்காத கல்நெஞ்சன் என்பது ஒன்று. அந்த மனுசன் இல்லாவிட்டால் மணல் எங்கள் கிணறுகளை எப்போதோ மூடியிருக்கும் என்பது மற்றது. நான் அவருடைய மனைவி பராசக்தியின் தங்கை, மகாதேவி. இரண்டு கதையும் உண்மைதான். இரண்டாலும் பட்டு அழுந்தினவள் நான் என்றபடியால் சொல்கிற உரிமையும் எனக்குத்தான் இருக்கிறது.

ஊர் யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில், மணற்காட்டுக்குக் கிட்ட. ஊருக்கும் கடலுக்கும் நடுவில் கிடப்பது முழுக்க மணல் மேடு. வாடைக்காற்று தொடங்கினால் அது சும்மா கிடக்காது, நகரும். பழைய கோயிலொன்றே மணலுக்குள் பாதி புதைந்துபோய்க் கிடக்கிறது. அதைத் தடுக்கத்தான் முன்னொரு காலம் அரசாங்கம் அங்கே சவுக்கு மரங்கள் நட்டது. சவுக்கு வளர்ந்த பிறகுதான் எங்கள் சனம் கிணற்றை நம்பித் தோட்டம் செய்யத் தொடங்கியது.

அத்தான் இரத்தினபுரியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அந்தக் கடையைக் கொளுத்தினார்கள். பின்பக்கத்தால் பாய்ந்து தப்பி, அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, உடுத்த சாரத்தோடு அக்காவின் வாசல் படலையில் வந்து நின்றார். அதற்குப் பிறகு அவரால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. கூரைக்குக் கீழே படுத்தால் புகை மணக்கிறது என்பார். விடிந்தால் எழும்பிச் சவுக்குக்குள் போய்விடுவார், பொழுதுபடத்தான் வருவார். அக்கா என்னைத் தேடிப்பார்க்க அனுப்புவாள். நான் தேத்தண்ணிப் போத்தலோடு, மணலில் கால் புதையப் புதைய, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போவேன். மனுசன் எங்கேயாவது ஒரு மேட்டில் குந்தியிருந்து மணலில் படர்ந்த கொடிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி நடந்து நடந்துதான் அந்தப் பாதை உண்டானது. ஊர்ச் சுடலையடியில் தொடங்கி, சவுக்குக்கு ஊடாக வளைந்து, மேடுகளில் ஏறி இறங்கி, கடற்கரையில் முடிகிற ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் பனைமட்டை நட்டு அடையாளம் வைத்தார். மீன் கடகத்தோடு வருகிற பெண்கள், அந்தோனியார் திருநாளுக்குப் போகிற சனம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாரும் அதால்தான் நடந்தார்கள். பாதையை விட்டு ஒரு கால் வெளியே வைத்தால் போச்சு. அடம்பன் கொடியையும் இராவணன்மீசைப் புல்லையும் மிதித்தால் மணலின் பிடி விட்டுப்போகும், விட்ட மணல் ஊருக்குள் வரும் என்று தொடங்கி, கேட்கிறவர்களின் காது புளிக்கும்வரை கதைப்பார். 'மணலின் மருமகன்' என்று ஊரில் அவருக்குப் பட்டம். பிறகு வன இலாகாவே அவரைக் காவலாளியாக எடுத்து ஒரு காக்கிச் சட்டையும் கொடுத்தது. பட்டத்துக்கு உத்தியோகமும் வந்துவிட்டது என்று முதலில் சிரித்தவள் நான்தான்.

எண்பத்தேழில் இராணுவத்தின் ஷெல்லடி தொடங்கியபோது சிரிப்பு நின்றது. ஊர் முழுக்க அந்தச் சவுக்குக்குள் போய்க் கிடந்தோம். அத்தான் முன்னுக்கு நடந்து, ஆட்களைப் பள்ளம் பள்ளமாக இருத்தினார். அன்றைக்கு உயிர் தப்பினவர்களில் நானும் என் பிள்ளைகளும் அடக்கம். சும்மா சொல்லக்கூடாது.

தொண்ணூறில் திரும்பச் சண்டை வந்ததோடு வன இலாகாக் கந்தோர் பூட்டுப்பட்டது. காக்கிச் சட்டையைக் கழற்றச் சொல்ல ஒருவரும் வராதபடியால் மனுசன் அதைப் போட்டுக்கொண்டே திரிந்தார். மண்ணெண்ணெய் இல்லாத காலம். அடுப்பெரிக்க விறகைத் தவிர வேறு வழியில்லை. வீட்டு வளவுகளில் நின்ற மரங்களில் பாதி பதுங்குகுழிகளுக்குப் போய், பாதி அடுப்புக்குப் போனது. சவுக்கு மட்டும் நின்றது. அதில் கண் வைக்காதவர் ஊரில் இல்லை. விழுந்த சருகையும் காயையும் கூட்டி அள்ளலாம், கத்தி மட்டும் கொண்டுவரக் கூடாது என்பது அத்தான் போட்ட சட்டம். தோளில் துவக்கோடு வந்தவர்களையும் மறித்தார். ஒருமுறை அவர்களிடம் அடி வாங்கி, உடைந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வளவு மார்க்கண்டு மாட்டுவண்டில் வைத்திருந்தவன். அவனுடைய தாய் செத்தது நல்ல மாரி மழைக்குள். சுடலைக்குப் பக்கத்திலேயே சவுக்கு நிற்கிறது, பச்சையாகவே பற்றி எரிகிற மரம். ஒரேயொரு மரம் தரச் சொல்லி அத்தானின் காலில் விழாத குறையாகக் கேட்டான். அத்தான் மாட்டேன் என்றார். ஒரு செத்தவீட்டுக்கு விட்டால் எல்லாச் செத்தவீட்டுக்கும் விட வேண்டும், செத்தவீட்டுக்கோ இப்போது குறைவில்லை என்றார். மார்க்கண்டு ஈரத் தென்னங்குற்றிகளையும் தன் வீட்டுக் கதவையும் வைத்து எரித்தான். கிழவி பாதிதான் எரிந்தாள். மிச்சத்தை நான் சொல்லப் போவதில்லை. சுடலையில் நாய்களைக் கல்லெறிந்து கலைத்தார்கள் என்பதோடு விடுகிறேன்.

அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அக்காவைப் பயம் பிடித்துக்கொண்டது. அவளுக்குச் சீனி வருத்தம். ஊசிமருந்து வருவது நின்றுபோக, காலில் வந்த புண் ஆறாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. தான் தப்பப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். சாவுக்கு அவள் பயப்படவில்லை. கடற்கரைப் பக்கத்துப் பழைய சவக்காலையில் காற்றுக்கு மணல் விலகி, எலும்புகள் வெளியே கிடந்ததைச் சின்ன வயதில் நாங்கள் இருவரும் பார்த்தவர்கள். ஒரு மத்தியானம் அத்தானையும் என்னையும் கட்டிலுக்குக் கிட்டக் கூப்பிட்டாள்.

"என்னை மணலுக்குள்ளை புதைச்சுப் போடாதேங்கோ. பாதியிலை விட்டுட்டும் வராதேங்கோ. முழுக்க எரிச்சு, சாம்பலைக் கடலிலை விடுங்கோ."

அத்தான் ஓம் என்றார். எந்த விறகால் என்று நான் கேட்கவில்லை. காடே கையில் இருக்கிறது, கட்டின மனைவிக்கு ஒரு மரம் வெட்டாமல் விடுவாரா என்றுதான் நினைத்தேன்.

தொண்ணூற்றுமூன்று ஆவணியில் அக்கா போய்விட்டாள். குளிப்பாட்டி, பட்டுச்சேலை உடுத்தி, முற்றத்துப் பந்தலில் கிடத்தியிருந்தோம். மத்தியானம் போல மார்க்கண்டு வண்டிலோடு படலைக்குள் வந்தான். வண்டில் நிறையச் சவுக்குக் குற்றிகள், வெட்டின ஈரம் காயாதவை. எனக்கு அடக்கமாட்டாமல் அழுகை வந்தது. தன் தாய்க்குக் கிடைக்காததை என் அக்காவுக்குக் கொண்டுவந்திருக்கிறானே என்று அந்த இடத்திலேயே அவனைக் கும்பிட்டேன்.

அத்தான் எழும்பி வந்து குற்றிகளைத் தடவிப் பார்த்தார். எந்த மேட்டு மரங்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"உன்ரை தாய்க்கு இல்லாத மரம் என்ரை மனிசிக்கு ஏது, மார்க்கண்டு?"

வெட்டின மரம் இனி முளைக்கவா போகிறது என்று மார்க்கண்டு கேட்டான். முற்றத்தில் நின்ற சனமும் அதையே கேட்டது. அத்தான் அசையவில்லை. இன்றைக்கு இது எரிந்தால் நாளைக்கு ஊரிலுள்ள கத்தியெல்லாம் காட்டுக்குள் நிற்கும், மறிக்கத் தனக்கு வாய் இருக்காது என்றார். குற்றிகளைக் கொண்டுபோய் மணல் சரிகிற இடத்தில் அணையாகப் போடச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவீடு என்றும் பாராமல் கத்தினேன். அக்காவுக்குச் சொன்ன வாக்கு எங்கே போனது என்று கேட்டேன். மரத்தையே கட்டியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் வீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது அக்காவின் சீதன வீடு. எங்கள் அப்பு நல்ல பனைகளாகப் பார்த்துத் தறித்துக் கூரை போட்ட ஓட்டு வீடு. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவள் செத்தால் சீதனம் அவள் பிறந்த பக்கத்துக்கே திரும்பும் என்பது எங்கள் முறை. அக்காவின் மூச்சு நின்றதோடு அந்த வீடு என்னுடையது. என் மூத்தவள் அருந்ததியை அதைக் காட்டித்தான் கரைசேர்க்க இருந்தேன். அத்தானுக்கும் இது தெரியும்.

"மகாதேவி, வீடு இப்ப உன்ரை. கூரையைக் கழட்டட்டோ?"

வைரம் பாய்ந்த பனை, எத்தனையோ வருசம் காய்ந்தது. அதைப்போல எரிய வேறு எது இருக்கிறது? பந்தலில் அக்கா கிடக்கிறாள். அவளுடைய காலடியில் இருந்த அருந்ததி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தனக்குரியதைத்தான் கேட்கிறார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கழட்டுங்கோ," என்றேன். "ஆனால் இனி என்ரை முகத்திலை முழியாதேங்கோ."

முதலில் ஏணி வைத்து ஏறினவன் மார்க்கண்டு. ஓடுகளை இறக்கி, வளையையும் கைமரங்களையும் கழற்றி, அவனுடைய வண்டிலிலேயே ஏற்றினார்கள். பெண்கள் நாங்கள் சுடலைக்குப் போவதில்லை. கூரையில்லாத வீட்டு முற்றத்தில் நின்று சவுக்குக்கு மேலே எழும்பின புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் அத்தான் சாம்பலை அள்ளி, தான் போட்ட பாதையாலேயே நடந்துபோய்க் கடலில் விட்டார். அக்கா கேட்டது கேட்டபடி நடந்தது.

அதற்குப் பிறகு சவுக்கு கேட்டு ஒருவரும் அவரிடம் வரவில்லை. எந்த முகத்தோடு வருவார்கள்? அத்தான் காட்டோரத்தில் ஒரு கொட்டிலுக்குப் போய்விட்டார். அக்காவின் சுவர்களில் மழை இறங்கிப் பாசி பிடித்தது. அருந்ததிக்கு வந்த சம்பந்தக்காரர் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கூரையில்லாத வீட்டை எவன் சீதனமாக எடுப்பான்? அத்தானை வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரும் மனம் நொந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரம்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் இராணுவம் முன்னேறி வர, வலிகாமத்துச் சனம் முழுக்க எழும்பி நடந்தது. உரும்பிராய்ச் சனம், உடுவில் சனம் என்று எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடமும் கோயிலும் வளவுகளும் நிரம்பி, மிச்சச் சனம் கொட்டுகிற மழையில் தெருவோரம் இருந்தது. ஒருத்தி நனைந்த சேலைத் தலைப்பைக் கைக்குழந்தைக்கு மேலே கூடாரமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை அழக்கூட இல்லை.

அடுத்த நாள் விடியக் காட்டுக்குள் கோடரிச் சத்தம் கேட்டது. ஆரோ துணிந்துவிட்டான், மனுசன் இன்றைக்கு யாரையாவது கொல்லப்போகிறார் என்று ஓடினேன். வெட்டிக்கொண்டு நின்றவர் அத்தானேதான். கடல் பக்கத்து வரிசைகளை விட்டுவிட்டு, உள்ளே நெருக்கமாக நின்றவற்றில் சுண்ணாம்பு பூசி அடையாளம் வைத்து, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தறித்துக்கொண்டிருந்தார். மார்க்கண்டுவின் வண்டில் பக்கத்தில் நின்றது. இரண்டு வருசமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் என் வாயால் வந்தது.

"என்ரை அக்காவுக்கு ஒரு கொப்பு இல்லை. வந்த சனத்துக்குக் காடு முழுக்கவோ?"

அத்தான் கோடரியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். காக்கிச் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

"பராசக்தி செத்தவள், மகாதேவி. உதுகள் உயிரோடை நனையுதுகள்."

அன்றைக்கு அக்காவுக்கென்று ஒன்றை வெட்டியிருந்தால் இன்றைக்கு வெட்ட ஒன்றும் நின்றிருக்காது என்பது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கினபடியால்தான் இன்னும் கோபம் வந்தது. மரங்களை எந்த வளவில் இறக்குவது என்று மார்க்கண்டு கேட்டான். அக்காவின் வீட்டில் சுவர் நிற்கிறது, மேலே இதுகளைப் போட்டுக் கிடுகு வேய்ந்தால் நாலைந்து குடும்பம் இருக்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

பின்னேரம் கூரை ஏறிவிட்டது. சேலையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைக் கூட்டிவரப் போனேன். குழந்தையின் மூச்சு மத்தியானமே அடங்கிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

எங்களில் குழந்தைகளை எரிப்பதில்லை, மண்ணுக்குள்தான் வைப்போம். காற்றுக்கு மணல் விலகிவிடுமே என்று அத்தானிடம் சொன்னேன். அக்கா போன பிறகு நான் அவரோடு கோபமில்லாமல் கதைத்தது அதுதான் முதல் தரம். அவர் பாதையோரத்தில் காற்றுக்கு மறைவாக ஒரு இடம் பார்த்தார். மூடின பிறகு அடம்பன் கொடிகளை வேரோடு கொண்டுவந்து மேலே பரப்பினார். நான் கொடியை அமர்த்திப் பிடிக்க, அவர் கணுக் கணுவாக மணலுக்குள் செருகினார். கடைசிக் கணுவும் உள்ளே போகும்வரை தாய் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்கு வந்தாள்.