பதினேழாவது ஓவர்

மேட்ச் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது? அப்பாவிடம் இதை நூறு முறையாவது கேட்டிருப்பேன். இப்போது என் ஏழு வயது மகள் என்னிடம் வேறு விதமாகக் கேட்கிறாள்: "மேட்ச் பாக்கறது தப்பாம்மா?" அப்பா மறைந்ததிலிருந்து எங்கள் வீட்டில் மேட்ச் போடுவதில்லை. அது நான் எடுத்த முடிவு. சரியா என்று தெரியாமலே எடுத்தது.

அப்பா மண்ணூர்பேட்டையில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்ததால், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். மூன்று அத்தைகளுக்கும் திருமணம் முடித்த பிறகுதான் தம் திருமணத்தைப் பற்றி யோசித்தார். ஓய்வு பெறும்வரை ஷிப்ட் வேலை. திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டைக் கட்டியபோது லீவு போடாமலே கட்டினார். யாரையும் கடிந்து பேசியதில்லை. பிறர் வீட்டுச் சாவுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் மட்டையைத் தொட்டதில்லை. "வெளாட நேரமில்லாதவன் பாக்கவாச்சும் வேணாமா?" என்பார்.

மேட்ச் என்றால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. நம் அணி நன்றாக ஆடும்போது யார் எங்கே இருக்கிறார்களோ, அங்கேயே இருக்க வேண்டும். அசைந்தால் விக்கெட் போய்விடும். எப்போதோ ஒரு கடைசிப் பந்து சிக்ஸரின்போது அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தார். அதன்பின் எல்லா மேட்சிலும் அம்மாவுக்கு அதுதான் இடம். "ஜெபத்துக்கு முட்டி போட்டா பத்து நிமிஷத்துல கால் வலிக்குதும்பாரு. இதுக்கு மட்டும் நாலு மணி நேரம் சிலை மாதிரி உக்காருவாரு" என்று அங்கே நின்றபடியே திட்டுவார். ஆனால் நகரமாட்டார். என் திருமணத்தன்று நம் அணி தோற்றது. "நீ கோயில்ல எந்திரிச்சு நின்ன நேரத்துலதான் நாலு விக்கெட் போச்சு" என்று அப்பா என்னைக் கடைசிவரை கிண்டல் செய்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவரவர் இடத்தில்தான் இருந்தோம். அப்பா நாற்காலியில், நானும் மகளும் தரையில், தம்பி கட்டிலில், அம்மா வாசலில். பதினேழாவது ஓவரில் ஒரு சிக்ஸர். தம்பி உடனே குடும்ப வாட்ஸ்அப்பில் "சிக்ஸர்" என்று அனுப்பினான். அதே நேரம் அப்பாவின் இடது கையிலிருந்து டீ டம்ளர் விழுந்தது.

துணி எடுக்க எழுந்தேன். அப்பா வலது கையைத் தூக்கி, "எந்திரிக்காத, இரு" என்றார். குரல் குழறியது. வாயில் முறுக்கு இருப்பதால் என்று நினைத்தேன். அம்மா, "காஞ்சா கறை போவாதுடி" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் மூன்று ஓவர். தரையில் டீ ஓடியது. யாரும் துடைக்கவில்லை.

ஜெயித்தோம். எல்லோரும் கை தட்டினோம். அப்போது மகள் சொன்னாள்: "அம்மா, தாத்தா ஒரு கையால தட்டறாரு."

அப்பா வலது கையால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்தோம். பிறகுதான் தம்பி அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதைப் பார்த்தான். நாங்கள் மூன்று பேரும் டிவியைப் பார்த்திருக்கிறோம். குழந்தை ஒருத்திதான் அவரைப் பார்த்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டு ஆட்டோ மாமா லுங்கியோடு ஓடிவந்து அப்பாவைத் தூக்கினார். "ஒண்ணியும் இல்ல அண்ணாத்தே, நான் கீறேன், என்னிய கெட்டியா புட்ச்சிக்கோ" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வண்டியை ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"பதினேழாவது ஓவர்ல சார்" என்றான் தம்பி.

"ஓவர் வேணாம்பா, மணி சொல்லு."

தம்பி போனை எடுத்து, "சிக்ஸர்" என்ற அந்தச் செய்தியின் கீழே இருந்த நேரத்தைக் காட்டினான். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். "இவ்ளோ சரியா யாரும் சொல்ல மாட்டாங்க. இது பக்கவாதம். ஆரம்பிச்ச நேரம் தெரிஞ்சாதான் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட முடியும்" என்றார். ஊசி போட்டார்கள். அப்பா மேலும் ஐந்து மாதம் எங்களோடு இருந்தார்.

மேட்ச் பார்த்ததால் நேரம் தெரிந்தது. மேட்ச் பார்த்ததால் இருபது நிமிடம் போனது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முன்பே வந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் யோசிக்காதீங்கம்மா" என்றார். அது ஆம் என்பதா, இல்லை என்பதா, தெரியவில்லை.

அந்த ஐந்து மாதமும் அப்பா மேட்ச் பார்த்தார். பேச்சு குறைந்துவிட்டது. மகள் அவர் அருகில் அமர்ந்து ஸ்கோர் சொல்லுவாள்; தப்பாகச் சொன்னால் விரலால் திருத்துவார். ஒருநாள் யாரும் இல்லாதபோது, "அன்னிக்கு நான் எந்திரிச்சிருக்கணுமாப்பா?" என்று கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், சிரமப்பட்டு, "ஜெயிச்சோம்ல" என்றார். என்னைத் தேற்றினாரா, என் கேள்வி அவருக்கு எட்டவே இல்லையா? அதற்குமேல் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பின்னர் நுரையீரலில் சளி கட்டி, மூன்றே நாளில் இறைவனடி சேர்ந்தார். நான் சரியாக அழவில்லை என்று உறவினர் சிலர் வருந்தியதாக அறிந்தேன். உண்மைதான். இன்னும் அழவில்லை.

அவசரத்துக்கு என்று வண்டியை எங்கள் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த ஆட்டோ மாமாவுக்கும், வீடு தேடி வந்து நற்கருணை வழங்கிய பங்குத்தந்தைக்கும், ஐந்து மாதமும் அப்பாவைக் குளிப்பாட்டி விட்ட தம்பிக்கும், முறை வைத்து உணவு கொண்டுவந்த எங்கள் பகுதி அன்பியக் குழுவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். இன்று அப்பாவின் நினைவுத் திருப்பலி முடிந்து நாம் சாப்பிட்டு எழும் நேரத்தில் ஒரு மேட்ச் இருக்கிறது. மகள் நாள்காட்டியில் அதை வட்டமிட்டு வைத்திருக்கிறாள். நான் வேண்டாம் என்றால் அவள் அடுத்த வீட்டு ஜன்னலில் நின்று பார்ப்பாள். போன முறை அப்படித்தான் நின்றாள். சரி என்றால், "நீயும் என்கூட உக்காருவியா?" என்று கேட்கிறாள். பிள்ளைகளை வளர்த்த அனுபவம் உங்களுக்கு உண்டு. டிவியைப் போடட்டுமா, வேண்டாமா? பந்தியில் நான் பரிமாறிக்கொண்டு வரும்போது தயங்காமல் சொல்லுங்கள். மேட்ச் மூன்றரை மணிக்கு.